நூற்று நாற்பத்தாறாம் பக்கம்

சேசு மரி சூசை

முத்தியால்பேட்டை,
12 ஜூன் 2006

அன்பு மகள் மெரினுக்கு சித்தப்பா ஆரோன் ஆசீர் சொல்லி எழுதுவது.

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். லியோன் நகரத்தில் உன் நலமும் அவ்விடத்துக் குளிரின் நலமும் அறிய ஆவல். போனில் பேசக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதுவும் தவிர, முப்பத்தொரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வாய்ப்பேச்சு எந்தக் கோர்ட்டிலும் நிற்காது.

நல்ல சேதி. உன் அப்பாவின் காகிதங்கள் முழுக்க ஒழுங்காகிவிட்டன. அண்ணனை அடக்கம் செய்த மறு வாரமே சென்னை நூலகத்திலிருந்து சரிதா அம்மாள் வந்ததும், மாடி அறையைப் பார்த்து மலைத்து நின்றதும் உனக்குத் தெரியும். பகலில் கோர்ட்டில் வாதாடிக்கொண்டே நாற்பத்தொரு கொலை நாவல் எழுதியவர் இந்தியாவிலேயே வேறு கிடையாது என்று அந்த அம்மாள் சொன்னார். (இந்தியாவில் என்றுதான் சொன்னார். உலகத்தில் என்று நான் சேர்த்துக்கொண்டேன்.) நவம்பர் முதல் வாரம் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போவார்களாம். வரிசையாக இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பஸ் ஏறுவதற்குள் நான் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன். மூன்று மாத வேலை. இப்போது வந்து பார், ஐகோர்ட்டிலேயே இந்த ஒழுங்கு கிடையாது.

அண்ணனின் வாழ்க்கைக் குறிப்பையும் நூலகத்துக்காக நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரி: “வக்கீல் சகாயநாதன் பிறந்த அன்று பாண்டிச்சேரி கவர்னர் மாளிகையில் பீரங்கி வெடித்தார்கள்.” அது பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினாலு என்பதாலும் இருக்கலாம். இரண்டாவது வரி என்னைப் பற்றி. அண்ணனுக்கு நம்பகமான ஒரு குமாஸ்தா வேண்டும் என்பதற்காகவே நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினேன் என்று போட்டிருக்கிறேன். அண்ணனின் நாவல்களில் துப்பறிகிற பழைய பிரெஞ்சுப் பட்டாளக்காரர், சொல்தா கஸ்பார், கண்டுபிடித்த கொலைகளில் பாதி நான் சொல்லிக் கொடுத்தவை என்பது மூன்றாவது வரி.

உன் அம்மா இதைப் படித்துவிட்டு, “நீ சொல்றதுல பாதிய எடுத்து மூணால வகுத்துக்கச் சொல்லு அவள” என்கிறார். அண்ணிக்கு எப்போதும் விளையாட்டு.

இப்படிக்கு,
சித்தப்பா ஆரோன்


லியோன்,
24 ஜூன் 2006

அன்புள்ள சித்தப்பா,

அப்பா பிறந்தது ஜனவரி ஒன்பதாம் தேதி. ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் என்னிடம் இருக்கிறது. பீரங்கியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

மற்றபடி மனசு நிறைந்துபோனது. அந்த அறையை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். நீங்கள் ஒருவராக அடுக்கினீர்கள் என்றால், உங்கள் கையைப் பிடித்து முத்தம் வைக்க வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு உடனே வேண்டும். அச்சுக்குப் போகாத கடைசி நாவல், “உப்பளத்தில் ஒற்றைச் செருப்பு”. ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அப்பாவின் கதைகளை நான் பதினோரு வருடமாகப் படிக்கவில்லை. எந்தக் கதையை எடுத்தாலும் கடைசியில் மாட்டுவது சமையல்காரி, வாட்ச்மேன், தோட்டக்காரன். “கோர்ட்டில் அவர்களை விடுதலை பண்ணுகிறீர்கள், வீட்டுக்கு வந்து தூக்கில் போடுகிறீர்கள்” என்று ஒரு நாள் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். நீங்களும் வாசலில் நின்றிருந்தீர்கள். அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இறப்பதற்குப் பத்து நாள் முன்னால் போனில் சொன்னார்: “கடைசிப் பக்கத்த உனக்காகத்தான் எழுதியிருக்கேன். படிச்சிட்டு அப்புறம் சண்ட போடு.” என்னால் சாவுக்குக்கூட வந்து சேர முடியவில்லை. அந்தப் பக்கத்தையாவது நான் படிக்க வேண்டும், சித்தப்பா. ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
மெரின்


சேசு மரி சூசை

முத்தியால்பேட்டை,
5 ஜூலை 2006

அன்பு மகள் மெரினுக்கு,

பீரங்கியை எடுத்துவிட்டேன். மாதா கோவில் மணி தானாக அடித்தது என்று மாற்றியிருக்கிறேன்.

நாவல் விஷயம். பதறாமல் படி. சொல்லப்போனால் பெருமைப்பட வேண்டிய விஷயம் இது.

அண்ணன் வெள்ளைத்தாளில் எழுதமாட்டார். வெள்ளைத்தாளைப் பார்த்தால் கை நின்றுபோகிறது என்பார். டைப் அடித்து மிஞ்சிய பிராது, மனு நகல், வாய்தா குறித்த தாள் என்று கைக்கு வந்ததைத் திருப்பிப் போட்டுத்தான் எழுதுவார். முன்பக்கம் கேஸ், பின்பக்கம் கொலை. அச்சில் வந்த நாற்பத்தொன்றும் அச்சகத்திலிருந்து தைத்து வந்தவை, அவற்றில் குழப்பமில்லை. கடைசி நாவல் மட்டும் மேசைமேல் உதிரித்தாளாகக் கிடந்தது. உதிரித்தாளை ஒரு குமாஸ்தா எந்தப் பக்கம் பார்த்து அடுக்குவான்? முன்பக்கம். கேஸ் நம்பர் பார்த்து, அந்தந்தக் கட்சிக்காரர் கேஸ் கட்டில், தேதிவாரியாக வைத்தேன். ஒரு தாள் பிசகவில்லை.

பிறகு அந்தக் கட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வக்கீல் காலமானால் கட்சிக்காரரிடம் அவரவர் கட்டை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவதுதான் முறை. இந்தக் காலத்தில் எவன் செய்கிறான்? நான் செய்தேன். இருபத்து மூன்று வீட்டுக்கும் இந்த வயதில் சைக்கிள் மிதித்துப் போனேன். கையெழுத்து வாங்கிய நோட்டு பத்திரமாக இருக்கிறது.

ஆகவே நாவல் தொலையவில்லை. எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாண்டிச்சேரி முழுக்க இருக்கிறது.

சித்தப்பா ஆரோன்


லியோன்,
15 ஜூலை 2006

சித்தப்பா,

“பாண்டிச்சேரி முழுக்க இருக்கிறது” என்ற வரியை நாலு தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். நாலாவது தடவை சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இன்றைக்கே கிளம்புங்கள். அப்பா ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே சிவப்பு மையில் வட்டம் போட்டு எண் எழுதுவார். அந்தச் சிவப்பு வட்டம் உள்ள தாள்கள் மட்டும் போதும். வெயிலில் சைக்கிள் வேண்டாம், ஆட்டோவில் போங்கள். அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

மெரின்


சேசு மரி சூசை

முத்தியால்பேட்டை,
20 ஆகஸ்ட் 2006

அன்பு மகள் மெரினுக்கு,

இத்துடன் நூற்று நாற்பத்தைந்து தாள், ஜெராக்ஸ், ரிஜிஸ்டர் தபாலில். கஸ்பாரே தேடியிருந்தாலும் இத்தனை கிடைத்திருக்காது.

உழவர்கரையில் பக்கிரி என்று ஒருவர், டீக்கடை. முப்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து முப்பத்தொன்பது வரை அவர் கேஸ் கட்டில். மனிதர் திருப்பிப் பார்த்திருக்கிறார், கதை இருந்திருக்கிறது, கடையில் உரக்கப் படித்துவிட்டார். “டெய்லி பதினஞ்சு பேரு வந்து கொலகாரன் யாருன்னு கேக்கறாங்க சார். முடிவச் சொல்லிட்டு எடுத்துனு போங்க” என்று ஒரே பிடிவாதம். நான் முடிவு சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. ஆனால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

பாகூர் பக்கத்தில் கிருஷ்ணசாமி. வரப்புத் தகராறு கேஸ். எழுபத்தேழாம் பக்கம் அவரிடம். அதில் படகில் வைத்து ஒருவனைக் கத்தியால் குத்துகிறார்கள். தீர்ப்போடு சேர்ந்த தாள்தானே, நம்மீது என்னவோ புதிதாகப் பழி வந்துவிட்டது என்று மனிதர் நாலு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்னைப் பார்த்ததும், “படவுல குத்தன அன்னிக்கி நான் ஊர்லயே இல்லீங்க, கடலூர்ல சம்மந்தி ஊட்ல இருந்தேன்” என்று ஆரம்பித்தார். சாட்சிக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தயாராக உட்கார வைத்திருந்தார். தாளை வாங்கிக்கொண்டு, உங்களை விடுதலை செய்தாகிவிட்டது என்று சொன்னேன். கையில் ஒரு பூசணிக்காய் கொடுத்து அனுப்பினார். உன் அம்மா கூட்டு வைத்தார்.

முத்தியால்பேட்டையிலேயே தையல்காரி தனக்கொடி நூற்றிரண்டாம் பக்கத்தை லாமினேஷன் செய்து மாட்டியிருந்தாள். வக்கீலய்யா எழுத்து வீட்டில் இருந்தால் நல்லதாம். ஆணியோடு கொண்டுவந்தேன்.

ஒரே ஒரு தாள் பாக்கி. நூற்று நாற்பத்தாறு, கடைசிப் பக்கம். அது கோரிமேட்டில் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே மெஸ் வைத்திருக்கும் அன்னக்கிளியிடம் இருக்கிறது. நான் போனபோது வெளியூர் பஸ்ஸெல்லாம் வந்து நோயாளிகளின் வீட்டார் கூட்டம். பிறகு வரச் சொன்னாள். பிறகு போவேன்.

சித்தப்பா ஆரோன்


லியோன்,
1 செப்டம்பர் 2006

அன்புள்ள சித்தப்பா,

ஒரே மூச்சில் படித்தேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு அப்பாவின் கையெழுத்தில், அவர் குரலிலேயே கேட்டது.

மில் முதலாளி உப்பளத்தில் செத்துக் கிடக்கிறார். பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. போலீஸ், வீட்டார், குடும்ப வக்கீல், ஊர் எல்லாருக்கும் சமையல்காரி பவுனு மேல் சந்தேகம். மறுபடியும் சமையல்காரிதானா? நூற்று நாற்பத்தைந்தாம் பக்கம் இப்படி முடிகிறது: “செருப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிக் கஸ்பார் எழுந்தார். எல்லோரும் பவுனைப்”. அவ்வளவுதான். பாதி வாக்கியத்தில் நான் நிற்கிறேன்.

அன்னக்கிளி அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மெரின்


சேசு மரி சூசை

முத்தியால்பேட்டை,
14 செப்டம்பர் 2006

அன்பு மகள் மெரினுக்கு,

கிடைத்துவிட்டது. அன்னக்கிளி தாளைத் தரவில்லை, பார்த்து எழுதிக்கொள்ள விட்டாள். எழுத்துப் பிசகாத நகல் கீழே:

“பிடித்துக்கொண்டார்கள்! பவுனு ஹா ஹா என்று சிரித்தாள்! அவள் பவுனே அல்ல! காரைக்காலிலிருந்து வந்த அவளுடைய இரட்டைச் சகோதரி! முதலாளியைக் கொன்றது நான்தான் என்று கூவிக்கொண்டே கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஓடினாள்! அறுபத்தெட்டு வயதுக் கஸ்பார் பின்னாலேயே பாய்ந்தார்! கீழே அவருடைய விசுவாசமுள்ள குமாஸ்தா ஆரோக்கியராஜ், மீன் வலையை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தான்! முற்றும்!”

எப்படி? அண்ணன் அண்ணன்தான்.

சித்தப்பா ஆரோன்


லியோன்,
24 செப்டம்பர் 2006

அன்புள்ள சித்தப்பா,

நான் படித்த எந்த நாவலிலும் அப்பா ஆச்சரியக்குறி போட்டதில்லை. கஸ்பார் ஓடியதில்லை. அவருக்குக் குமாஸ்தாவும் கிடையாது.

இதெல்லாம் தெரிந்தும் மூன்று நாளாக எனக்கு வேலை ஓடவில்லை. கடைசி நாட்களில் மருந்து மயக்கத்தில் அவரே இப்படி எழுதியிருப்பாரோ என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. சமையல்காரிதான் கொன்றாள், போய்ப் படித்துக்கொள் என்பதுதான் அவர் எனக்கு வைத்துவிட்டுப் போன பதிலோ?

அப்பா அப்படி எழுதியிருந்தால் தாங்கிக்கொள்வேன். நீங்கள் எழுதியிருந்தால் அதையும் தாங்கிக்கொள்வேன். எது என்று தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

ஒரே ஒரு தடவை, பாதியை மூன்றால் வகுக்கத் தேவையில்லாமல் எழுதுங்கள்.

மெரின்


சேசு மரி சூசை

முத்தியால்பேட்டை,
8 அக்டோபர் 2006

அன்பு மகள் மெரினுக்கு,

நான் எழுதியது. அண்ணன் எழுதவில்லை. அன்றைக்கு அன்னக்கிளி எனக்குத் தாளைக் காட்டவே இல்லை. நவம்பர் நெருங்குகிறது, நீ காத்திருக்கிறாய், வெறுங்கையோடு உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. டீக்கடையில் எழுந்து நின்றார்களே என்று ஒரு தைரியம். உன் கடிதத்தை அண்ணி எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும் அதை மடித்து என் கையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

நடந்ததை எழுதுகிறேன்.

அன்னக்கிளி இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய வீட்டில் சமையல் செய்தாள். சங்கிலி திருடியதாகக் கேஸ். அண்ணன் வாதாடி விடுதலை வாங்கினார். கேஸ் பேச அவள் ஆபீசுக்கு வந்த அன்று அண்ணன் என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். முப்பத்தொரு வருடத்தில் அந்த ஒரு தடவைதான். அவள் சொன்னதைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். அந்தத் தாள் கோர்ட்டுக்குப் போகவில்லை. இந்த வருடம், உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது, எந்தக் கட்டிலிருந்து உருவினாரோ, அதன் பின்பக்கத்தில் கடைசிப் பக்கத்தை எழுதிவிட்டார். நான் நம்பரை மட்டும் பார்த்துக் கட்டில் வைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போன வியாழக்கிழமை மெஸ் மூடும் நேரமாகப் பார்த்துப் போனேன். நீ எழுதியதை அப்படியே சொன்னேன், ஒன்றும் சேர்க்கவில்லை. உன் சண்டையையும் சொன்னேன். அன்னக்கிளி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“முன்பக்கத்துல இருக்கறது வக்கீலய்யா ஒருத்தருக்குத்தான் தெரியும். எங்க ஊட்டுக்காரு சாவற வரைக்கும் அவருகிட்டகூட சொல்லல. நீங்க கட்டக் குடுத்த அன்னிக்கே அடுப்புல போட எடுத்தேன். திருப்பிப் பாத்தா கத எழுதியிருக்காரு. படிச்சேன். போட மனசு வரல” என்றாள்.

“நான் முன்பக்கம் பாக்க மாட்டேன், அன்னக்கிளி” என்றேன்.

“நீங்க பாத்தா ஊரே பாத்த மாதிரி” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

கோர்ட் கட்டுக்குப் பசை காய்ச்சிக் காய்ச்சிப் பழகிய கை எனக்கு. அவள் அடுப்பிலேயே மைதாவைப் போட்டுக் கிண்டினேன். சுவரில் இருந்த பழைய காலண்டர் அட்டையை எடுத்து, அட்டைக்குப் பசை தடவினேன். தாளை என் கையில் தரச் சொல்லவில்லை. அவளே உள்ளிருந்து எடுத்து வந்து, எழுதிய முன்பக்கம் அட்டையில் படும்படி, தானே பதித்தாள். ஓரம் விடாமல் உள்ளங்கையால் தேய்த்தாள். அம்மிக்கல்லை ஏற்றி வைத்துவிட்டு, காயும் வரை இரண்டு பேரும் டீ குடித்தோம். அதைப் பிரித்தால் இரண்டு பக்கமும் கிழிந்து போகும். கல்லின் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்குக் கை அரித்தது என்று எழுதினால் அது மிகையில்லை.

காய்ந்ததும் அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டாள். ஜெராக்ஸ் இதனுடன் இருக்கிறது. வழியில் படித்தேன். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கலங்கரை விளக்கம் இல்லை.

சித்தப்பா ஆரோன்


லியோன்,
20 அக்டோபர் 2006

அன்புள்ள சித்தப்பா,

நூற்று நாற்பத்தைந்தையும் நாற்பத்தாறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். உங்களுக்காக மறுபடி எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள்:

“எல்லோரும் பவுனைப் பார்த்தார்கள். கஸ்பார் பார்க்கவில்லை. இத்தனை வருடமும் நானும் முதலில் அங்கேதான் பார்த்தேன் என்றார். வேலை செய்கிறவளைப் பார்ப்பது சுலபம். பார்த்துவிட்டால் நாற்காலியில் இருக்கிறவர்களைப் பார்க்க வேண்டியதில்லை. அவர் நடந்து போய்ச் செருப்பை வக்கீலின் மேசைமேல் வைத்தார். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, என்னுடையதுதான் என்றார்.”

அவ்வளவுதான். “முற்றும்” என்றுகூடப் போடவில்லை. நம் வீட்டில் அப்படிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? படித்துவிட்டு அப்புறம் சண்டை போடு என்றார். எனக்குச் சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை. கிறிஸ்துமசுக்கு வருகிறேன். அன்னக்கிளி அம்மாவின் மெஸ்ஸில் ஒரு நாள் சாப்பிட வேண்டும்.

ஒரு வேலை இருக்கிறது. சரிதா எனக்கு எழுதியிருக்கிறார். நூலகப் பட்டியலில் ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு பக்கத்தையும் குறிப்பார்களாம். நூற்று நாற்பத்தாறின் முன்பக்கத்தில் என்ன என்று கேட்கிறார். மருந்து வைத்து ஊறப்போட்டால் ஒட்டிய தாளையும் பிரிக்க அவர்களிடம் ஆள் இருக்கிறதாம். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

உங்கள்,
மெரின்


சேசு மரி சூசை

முத்தியால்பேட்டை,
2 நவம்பர் 2006

அன்பு மகள் மெரினுக்கு,

இன்று கல்லறைத் திருநாள். காலையில் அண்ணனுக்குச் சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி வந்தோம். காற்றில் ஊரார் வர்த்தியெல்லாம் அணைந்தது, அண்ணனுடையது மட்டும் நின்றது. இது உண்மை. அண்ணியைக் கேள்.

நேற்று வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போனார்கள். மாடியிலிருந்து பெட்டி பெட்டியாக இறங்கியபோது தெருவே நின்று பார்த்தது. வாழ்க்கைக் குறிப்பையும் வாங்கிக்கொண்டார்கள், மாதா கோவில் மணியைத் தவிர.

சரிதா அம்மாள் கடைசியாக அந்த அட்டையைக் கையில் எடுத்தார். முன்பக்கத்தில் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, வெற்றுத்தாள் என்றேன். அவர் பேனாவை எடுத்தவர் நிறுத்திவிட்டு, “உங்க அண்ணன் வெள்ளத்தாள்ல எழுதவே மாட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க, குறிப்புலயும் எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார்.

“அது நான் சும்மா அளந்தது அம்மா” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். குறிப்பில் அந்த வரியை அடித்தார். பட்டியலில், முன்பக்கம் வெற்று என்று எழுதிக்கொண்டார். மொத்தக் குறிப்பிலும் பொய் கலக்காத வரி அவர் அடித்த அந்த ஒன்றுதான். போகட்டும்.

உன் அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். மூன்றால் வகுக்கச் சொல்லவில்லை. வண்டி போன பிறகு, கேட்காமலே எனக்கு இரண்டாவது காப்பி கொண்டுவந்து வைத்தார்.

சித்தப்பா ஆரோன்